மூடிக்கு ஒரு பூட்டு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். உன் உடம்பு தேவலையா? உன் பெண்டாட்டி சிட்டுக்கு முட்டி வலி குறைஞ்சுதா? குளிர்ல தரையில கால் வைக்காம செருப்பு போட்டுக்கச் சொல்லு. இங்கே நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்.

போன் ரிப்பேர். அதனால போன்ல கூப்பிட்டுப் பார்த்து பயந்துக்காதே. எழுதினாப் போதும்.

ஒரு விஷயம் கேட்கணும். சிரிக்காதே. எனக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கணும். மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு. சாயங்காலம் ஆறு மணியிலேருந்து எட்டு வரைக்கும் பொழுது நகர மாட்டேங்குது. நீ இருபது வருஷமா அந்தக் குழாயைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறியே, எது வாங்கணும்னு உனக்குத்தான் தெரியும். பெருசா வேண்டாம். ஆனா கெட்டியா இருக்கணும். சட்டுனு வச்சு சட்டுனு பார்க்கற மாதிரி இருக்கணும்.

எனக்கு பிரஸ்ஸிலேருந்து பிரூஃப் வந்துக்கிட்டுதான் இருக்கு. மூணாம் வகுப்புப் பாடப்புத்தகம். போன வாரம் 'சூரியன் கிழங்கில் உதிக்கிறது'ன்னு இருந்ததை விட்டுட்டேன். அச்சாகியே போச்சு. மேனேஜர் கோபப்படலை, அதான் பயமா இருக்கு.

பதில் எழுது.
உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சுது. நான் நல்லாத்தான் இருக்கேன். சிட்டு முட்டிக்கு எண்ணெய் தடவிக்கிட்டே உன் கிழங்கு சூரியனைக் கேட்டுச் சிரிச்சா. அத்தானுக்கும் உனக்கும் உடம்பு எப்படி? அதை எழுதவே இல்லையே.

நீ டெலஸ்கோப் கேட்டதை நான் மூணு தடவை படிச்சேன். என் கல்யாணத்தன்னைக்கு மாடியில நிலாவைக் காட்டினேன். "ஆமா, நிலா"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போனவ நீ. சரி, மனுஷங்க மாறுவாங்க.

இப்ப கேளு. டெலஸ்கோப் ரெண்டு வகை. ஒண்ணு முன்னாடி லென்ஸ் வச்சது, இன்னொண்ணு அடியில கண்ணாடி வச்சது. கண்ணாடி வச்சதுல மங்கலானதெல்லாம் நல்லாத் தெரியும். ஆனா லேசாத் தட்டினாக்கூட கண்ணாடி நகர்ந்துக்கும், திருகித் திருகி நேராக்கணும். கட்டின பெண்டாட்டியைக்கூட அவ்வளவு சமாதானம் பண்ண வேண்டியிருக்காது. உனக்கு லென்ஸ் வச்சதுதான் சரி. எடுத்தோம், வச்சோம், பார்த்தோம்னு இருக்கும். பத்து வருஷம் ஆனாலும் அதை ஒண்ணும் பண்ண வேண்டாம்.

கடைக்குப் போனா பெட்டி மேல 'அறுநூறு மடங்கு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். நம்பாதே. முன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்குதான் உருப்படியாப் பெருக்கும், அதுக்கு மேல போனா வெறும் கலங்கல். எண்பது மில்லிமீட்டர் உனக்குப் போதும். நிலாக் குழிகள், வியாழனோட நாலு நிலா, சனியோட வளையம் எல்லாம் தெரியும். பளிச்சுனு இருக்கறதைச் சுத்தி கொஞ்சம் ஊதா நிறம் கசியும். அது லென்ஸோட சுபாவம். அது இல்லாத லென்ஸும் இருக்கு, ஆனா விலை ஆளை விழுங்கிடும். ஊதாவோட வாழப் பழகிக்கலாம்.

முக்கியமானது ஸ்டாண்டு. என் முதல் டெலஸ்கோப்புக்கு அலுமினியக் குச்சி ஸ்டாண்டு. மூச்சு விட்டாலே நிலாவுக்குக் குளிர் ஜுரம் வந்துடும். உனக்கு மரக்கால் ஸ்டாண்டா பார்க்கறேன்.

ஒண்ணே ஒண்ணு. பகல்ல அதைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண்ணு போயிடும். விளையாட்டுக்குச் சொல்லலை.

அன்போட,
தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நீங்க ரெண்டு பேரும் சுகம்னு தெரிஞ்சு நிம்மதி. இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான்.

நீ எழுதினதெல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டேன். லென்ஸ், எண்பது, மரக்கால். இன்னும் சில சந்தேகம். கீழே விழுந்தா உடையுமா? திருகு, மறைன்னு குட்டிக் குட்டியாக் கழண்டு வர்றது நிறைய இருக்குமா? வாயில போடற சைஸ்ல ஏதாவது இருக்குமா? ஸ்டாண்டோட சேர்த்து எத்தனை கிலோ? ஒருத்தர் தனியாத் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா, முடியாதா? முடியாட்டி நல்லது.

அப்புறம், முன்னாடி மூடி இருக்குமே, அதுக்குப் பூட்டு போட வழி உண்டா? சாவி என்கிட்ட இருக்கற மாதிரி?

பிரஸ்ஸில வேலையைக் குறைச்சுட்டாங்க. அதுவும் ஒரு வகையில சௌகரியம்தான்.

சிட்டு செருப்பு போட்டுக்கறாளா?

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு செருப்பு போட்டுக்கறா. என்னையும் போட வைக்கறா.

உனக்கான டெலஸ்கோப்பை நேத்து வாங்கிட்டேன். எங்க சங்கத்துல ஒரு பல் டாக்டர் இருக்கார், பெருசு ஒண்ணு வாங்கினதால பழசைக் கொடுத்தார். வெள்ளைக் குழாய், எண்பது மில்லிமீட்டர், லென்ஸ்ல ஒரு கீறல் கிடையாது. ஒரு வாரம் எங்க மாடியில வச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். தெருவிளக்கு பக்கத்துல இருந்தும் வியாழன் மேல ரெண்டு பட்டை தெளிவாத் தெரிஞ்சுது. கண் வைக்கற இடத்துல ஒரு பட்டகம் மாட்டியிருக்கேன். அது இல்லைன்னா எல்லாம் தலைகீழாத் தெரியும், கழுத்தையும் ஒடிச்சுக்கணும். அது இருந்தா நேராத் தெரியும், குனிஞ்சு பார்க்கலாம். ஸ்டாண்டோட ஒன்பது கிலோ. தூக்கலாம், ஆனா அலுத்துப் போகும்.

வாயில போடற சைஸ்ல ஒண்ணும் இல்லை. வீட்டுல குழந்தை யாரும் இல்லையே அக்கா.

பூட்டு கேட்டியே. எங்க லிஃப்ட் கம்பெனியில கன்ட்ரோல் பெட்டிக்குப் போடற குட்டிப் பூட்டு உண்டு. தகரத்துல மூடி செஞ்சு அதைப் பொருத்தி அனுப்பறேன். பதினெட்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன், பூட்டோட டெலஸ்கோப் கேட்டவ நீ ஒருத்திதான். யாருகிட்டேருந்து பூட்டப் போறே?

அத்தானை ரெண்டு வரி எழுதச் சொல்லேன். அவர் கையெழுத்து பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு.

தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

பெட்டி பத்திரமா வந்துச்சு. நீயும் சிட்டுவும் நல்லா இருக்கணும்.

உங்க அத்தான் பண்ணினதைக் கேளு. நான் பெட்டியைப் பிரிச்சு, நீ எழுதி அனுப்பின காகிதத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஸ்டாண்டு நிக்குது. ஒவ்வொரு காலையும் காலால மிதிச்சுப் பார்த்தார். ஒரு நூல்ல சாவியைக் கட்டித் தொங்கவிட்டு மட்டம் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயரா வெயில்ல நின்ன ஆள் இல்லையா? கை மறக்கலை.

குழாயில கண் வச்சவர் சட்டுனு நிமிர்ந்து, "இது தப்பா இருக்கு"ன்னார். உன் பட்டகத்தைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, பெட்டியில கூட இருந்த நீட்டுக் குழாயை மாட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி தலைகீழாத் தொங்குது. "இப்பதான் சரி"ன்னார். அவங்க காலத்து சர்வே கருவியிலே எல்லாம் தலைகீழாத்தான் தெரியுமாம். உலகத்தை அப்படிப் பார்த்தே பழக்கம்.

வியாழனைக் காட்டினேன். நாலு புள்ளியும் ஒரே கோட்டுல நின்னுச்சு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நாலு கம்பமும் நேரா நட்டிருக்காங்க. யாரு நட்டது? நல்ல ஆளு. எழுதிக்கப்பா"ன்னார். ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்தை சண்டை இல்லாம போச்சு.

அவருக்குக் கை வலி. அதான் எழுதலை.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சுகம். உன் கடிதத்தை சிட்டுவுக்குப் படிச்சுக் காட்டினேன். தண்ணித்தொட்டி தலைகீழாத் தொங்கற இடத்துல சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "இன்னொரு தடவை படிங்க"ன்னா.

அக்கா, அத்தான் உன்னைப் பார்த்து ஏன் 'எழுதிக்கப்பா'ன்னார்? கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல உன்னை ஒரு தடவைகூட பேர் சொல்லாம கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாயங்காலம் ஆறிலேருந்து எட்டு வரைக்கும் என்ன சண்டை? போன் ரெண்டு மாசமாவா ரிப்பேர்? பூட்டு யாருக்கு?

நான் மெக்கானிக். லிஃப்ட் ஏறும்போது வர்ற சத்தத்தை வச்சே எந்த மாடியில கோளாறுன்னு சொல்லிடுவேன். உன் கடிதத்துல சத்தம் கேட்குது. அத்தானுக்கு என்ன?

தம்பி

மே 2

அக்கா,

ஆறு வாரம் ஆச்சு. நான் அப்படிக் கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்கோ. நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுது. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி

மே 20

அன்புத் தம்பிக்கு,

உன் ரெண்டு கடிதமும் கிடைச்சுது. அலமாரியில வச்சிருந்தேன். சிட்டுவுக்கும் உனக்கும் உடம்பு சௌகரியம்தானே? நான் சௌகரியமா இல்லை. முதல் தடவையா நிஜத்தை எழுதறேன்.

அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. டாக்டருங்க ரெண்டு பேரைப் பார்த்தாச்சு. திரும்ப வராதுன்னுட்டாங்க. பகல்ல ஒரு மாதிரி சமாளிக்கலாம். பொழுது சாய்ஞ்சா, "வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகணும்"னு கிளம்பிடுவார். இதுதான் வீடுன்னா நம்ப மாட்டார். கதவைப் பூட்டினா கதவை உடைப்பார். போன் மணி அடிச்சா ஆபீஸிலேருந்து கூப்பிடறாங்கன்னு பதறி, ஒரு நாள் வயரோட பிடுங்கிப் போட்டுட்டார். நான் யாருன்னு தெரியலை. சர்வே பண்றப்ப கம்பம் பிடிக்க வந்த உதவியாளன்னு நினைச்சுக்கறார். அதான் அப்பா, ராஜான்னு கூப்பிடறார். டெலஸ்கோப் முன்னாடி உட்கார்ந்தா மட்டும் அமைதி. அளவு சொல்லிக்கிட்டே இருப்பார். நான் பழைய பிரூஃப் காகிதத்துக்குப் பின்பக்கம் எழுதிக்கிட்டே இருப்பேன். எழுதலைன்னா கண்டுபிடிச்சுடறார்.

உன்கிட்ட ஏன் மறைச்சேன்னா, சொன்னா நீ லீவு போட்டுட்டு வந்து நாலு நாள் இருப்பே, அழுவே, போயிடுவே. அந்த நாலு நாள் பழக்கத்தை மறக்க எனக்கு நாற்பது நாள் ஆகும்.

இப்ப எழுதக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னண்டு மணிக்கு நான் குளிக்கப் போன நேரம். ஒன்பது கிலோவையும் தோள்ல போட்டுக்கிட்டு கீழே இறங்கிட்டார். நான் தலையைத் துவட்டிக்கிட்டே மாடிக்குத் துணி காயப்போட வந்தப்பதான் பார்த்தேன். நாலு ரோடு சேர்ற இடத்துல, நட்ட நடுவுல, ஸ்டாண்டை விரிச்சு நிக்கறார். ரெண்டு பக்கமும் லாரி, பஸ். ஹாரன் சத்தம் மாடி வரைக்கும் வருது. பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்து கையைக் காட்டி வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கிட்டிருந்தார். மூடி பூட்டியிருந்துச்சு, நல்லவேளை. உள்ளே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, வெறும் இருட்டு. ஆனா கண்ணை எடுக்காம அளவு சொல்லிக்கிட்டே இருந்தார். யாரு எழுதிக்கப் போறாங்க.

தம்பி, நான் உடனே இறங்கலை. ஈரத்துணியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு லாரி கிட்ட வந்துச்சு. அப்பவும் நின்னேன். எத்தனை நிமிஷம்னு தெரியலை. அப்புறம்தான் ஓடினேன்.

இதை வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது. எனக்குத் தூக்கம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

அக்கா

மே 27

அக்கா,

நலம் விசாரிக்க இந்தத் தடவை நேரமில்லை.

எனக்கு லீவு அம்பது நாளுக்கு மேல சேர்ந்து கிடக்கு. ஜூன் எட்டாம் தேதி காலையில பஸ்ஸில வர்றேன். நீ நினைக்கற மாதிரி பார்த்துட்டுப் போக வரலை. நான் அங்கே இருக்கப் போறேன், நீ இங்கே வரப் போறே. ஒன்பதாம் தேதி மதிய வண்டிக்கு உனக்கு டிக்கெட் எடுத்தாச்சு. சிட்டு உன் ரூம் ஜன்னலுக்குக் கெட்டித் துணியில திரை தைக்கறா, வெளிச்சம் வராம நீ தூங்கறதுக்கு.

நாலு நாள் இல்லை, ஆறு வாரம். நீ வாதாடுவேன்னு தெரியும். அதனாலதான் உன் பதில் வந்து சேர நேரம் இல்லாத மாதிரி எழுதறேன்.

மாடியில நின்னதைப் பத்தி ஒண்ணு. மூணாம் வருஷம் நாங்க ஒரு லிஃப்டுல வேலை செஞ்சப்ப, நாற்பது மணி நேரம் தூங்காத ஒருத்தன் கையில ஸ்பேனரோட அப்படியே நின்னான். கூப்பிட்டாலும் அசையலை. அவன் கெட்டவன் இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பினோம், அவ்வளவுதான்.

அத்தானுக்கு என்னென்ன மருந்து, எத்தனை மணிக்கு, என்ன சொன்னா கேட்பார், எதுக்குக் கோபம் வரும், எல்லாம் எழுதி வை.

தம்பி

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டிலேருந்து உனக்கே கடிதம் எழுதறது வேடிக்கையாத்தான் இருக்கு. அங்கே போன் இல்லாததால வேற வழி இல்லை. உடம்பு எப்படி இருக்கு? சாப்பிட்டியா? அவர் சாப்பிடறாரா?

வந்த அன்னைக்குப் படுத்தவ மறுநாள் சாயங்காலம் எழுந்தேன். நடுவுல சிட்டு மூக்குல விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்த்தாளாம். அடுக்களைக்குள்ள விட மாட்டேங்கறா. "உங்க தம்பி எண்ணி எண்ணி உத்தரவு போட்டுட்டுப் போயிருக்கார்"ங்கறா. வந்த முதல் வாரம் ஆறு மணி ஆனா உடம்பு தானா எழுந்து நின்னுச்சு. கதவைப் போய்ப் பார்த்துட்டு வருவேன். இப்ப குறைஞ்சிருக்கு.

ஒண்ணு கேட்கணும், உண்மையைச் சொல்லு. என்னைக் கேட்டாரா?

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அத்தானும் சௌக்கியம். எடை பார்த்தேன், ஒரு கிலோ ஏறியிருக்கார்.

நீ கேட்டதுக்கு ஒரு நல்ல பொய் எழுதலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ரெண்டு காகிதம் கிழிச்சேன். முடியலை. அக்கா, அவர் உன்னைக் கேட்கலை. ஒரு தடவைகூட இல்லை. நீ கிளம்பின அன்னைக்கு சாயங்காலம் மாடிக்கு வந்து என்னைப் பார்த்து, "பழைய ஆள் எங்கே?"ன்னார். "லீவுல போயிருக்கார்"னேன். "நல்ல ஆளு. பாவம், தலைக்கு மேல வேலை. லீவே எடுத்ததில்லை"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னையே வேலைக்கு வச்சுக்கிட்டார்.

நீ எழுதி வச்ச காகிதத்துல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அளவைச் சொன்னதும் அதைத் திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா திட்டறார். முதல் நாள் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீ எத்தனை மாசம் வாங்கினியோ.

உனக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணினேன். பஞ்சர் கடைக்காரர் மூலமா ஒரு ஆள் கிடைச்சிருக்கார். ஆஸ்பத்திரியில வார்டு பாயா இருந்து ரிட்டையரானவர், வாட்டசாட்டமான ஆள், நிதானம். இந்த ரோட்டுலதான் வீடு. தினம் மதியம் ரெண்டு மணிக்கு வந்து ராத்திரி எட்டு வரைக்கும் இருப்பார். அஞ்சு நாளா வர்றார். அத்தானுக்குப் பிடிச்சிருக்கு. "உயரமான ஆள், கம்பம் பிடிக்க லாயக்கு"ங்கறார். வீட்டு வாசல்ல உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டேன். ஸ்டாண்டை மாடிச் சுவர்ல சங்கிலி போட்டுக் கட்டிட்டேன்.

நேத்து நான் குழாயில பார்த்தேன், பட்டகம் இல்லாம. நிலா தலைகீழா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல நான் பார்த்த நிலாவிலேயே இதுதான் கூர்மை. நடுவுல பட்டகம் இல்லாததாலதான். வானத்துல மேல் கீழ் ஏதுன்னு சங்கத்துல நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன்.

நீ வரணும்னு அவசரம் இல்லை. கேட்கலைன்னு எழுதினதுக்கு மன்னிச்சுக்கோ.

தம்பி

ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் சுகம்னு தெரிஞ்சுக்கிட்டேன். நானும் சுகம்னு இந்தத் தடவை தைரியமா எழுதலாம்.

நீ எழுதினதை மதியம் படிச்சேன். படிச்சுட்டு அழுதேன். சிட்டு கதவைச் சாத்திட்டுப் போனா. முப்பத்தஞ்சு வருஷம், ஒரு தடவைகூட கேட்கலைன்னா எப்படி இருக்கும்? கொஞ்ச நேரம் கோபமா வந்துச்சு. அப்புறம் ஒண்ணு தோணுச்சு. கேட்டிருந்தா நான் அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். கேட்காததால இங்கேயே படுத்துத் தூங்கினேன். எழுந்தப்ப விடிஞ்சிருந்துச்சு.

பொய் எழுதாததுக்கு நன்றி. நீ எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேன்.

வார்டு ஆளை நிறுத்திடாதே. பிரஸ்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன், ஆகஸ்டிலேருந்து மறுபடியும் வேலை கொடுக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். இந்தத் தடவை ஏழாம் வகுப்புப் புத்தகம்.

இருபத்தி ரெண்டாம் தேதி வர்றேன். அதுவரைக்கும் இங்கேதான். வாசல்ல என்னைப் பார்த்து யாருன்னு கேட்டா, நீ பதறாதே. அக்கா, பெண்டாட்டின்னெல்லாம் விளக்கிக்கிட்டு நிக்காதே. லீவு முடிஞ்சு பழைய ஆள் வந்தாச்சுன்னு சொல்லு. நான் வேலைக்குச் சேர்ந்துக்கறேன்.

ஆனா இனிமே ஞாயித்துக்கிழமை வர மாட்டேன்னும் சொல்லிடு.

அக்கா